பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

இதுல யார் பேரும் வராது. அவ பேரு, என் பேரு, பள்ளிக்கூடத்துப் பேரு, சர்ச்சு பேரு, எதுவும் கெடையாது. பேர மட்டும் வுட்டுட்டா போதும், யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நம்பினவங்க எங்க வூட்லயே ஒருத்தங்க இருந்தாங்க. அதால வந்த வெனையத்தான் சொல்லப் போறேன். கோவமாத்தான் சொல்லுவேன். எனக்குக் கோவம் ஜாஸ்தி, அத மறைக்கவும் தெரியாது.

கள்ளக்குறிச்சியில பொண்ணுங்க படிக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்துல ப்ளஸ் ஒன்னு சேந்த வருஷம் அது. வாரத்துல ஒரு நாள் சிறப்பு டீச்சர் ஒருத்தங்க வருவாங்க. காது கேக்காத பிள்ளைங்க, கண்ணு தெரியாத பிள்ளைங்க, எங்கள மாதிரிப் பிள்ளைங்க, எல்லாருக்கும் சேத்து ஒரே டீச்சர். எங்கள மாதிரின்னா ஆட்டிசம். பாண்டிச்சேரியில ஒரு டாக்டர் எனக்கு அத எழுதிக் குடுத்தப்போ, "இவ நல்லாத்தானே பேசுறா, மார்க்கும் வாங்குறா, இன்னாங்க இது"ன்னு எங்கப்பா டாக்டர்கிட்டயே சண்டைக்குப் போனாரு. நல்லாப் பேசுறதுக்கு நான் படுற பாடு அவருக்கு இன்னா தெரியும்? அடுத்தவ சிரிச்சா சிரிக்கணும், எப்ப நிறுத்தணும்னு பாத்து நிறுத்தணும், கண்ணப் பாத்துப் பேசணும், ஆனா மொறைக்கக் கூடாது. சாயங்காலம் வூட்டுக்கு வந்தா யூனிபார்மோட கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவேன். அம்மா தட்டுல சோத்தப் போட்டு கட்டிலுக்கு அடியிலயே தள்ளிவுடும்.

அவ, என் சிநேகிதி, மலைப்பிள்ளை. கல்வராயன் மலையில வெள்ளிமலைக்கும் அந்தாண்ட அவங்க ஊரு. டவுன்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. பள்ளிக்கூடத்துல வெச்ச கேம்ப்ல டாக்டர் அவளுக்கும் என்னுது மாதிரியே எழுதினாரு. அதுக்கு முன்னாடி வரைக்கும் அவளுக்கு ஊர் வெச்ச பேரு, கூச்சம், மந்தம், திமிரு. ஆளுக்கு ஆள் மாத்திச் சொல்லிக்குவாங்க. நானாவது நடிச்சேன். அவளுக்கு நடிக்கவே வராது.

சிறப்பு டீச்சர் ரூம்லதான் ரெண்டு பேரும் சேந்தோம். அப்பால மத்தியான சாப்பாடு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால. செவுத்தப் பாத்துகினு பக்கத்துல பக்கத்துல ஒக்காருவோம், ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கறதில்ல. பாக்கறவங்களுக்கு சண்டை போட்டுகினு ஒக்காந்திருக்கறாப்ல இருக்கும். எங்களுக்கு அதுதான் நிம்மதி. அம்மாவோட பழைய நர்சிங் புஸ்தகத்துல இருக்கற வியாதிங்களப் பத்தி நான் லொடலொடன்னு பேசுவேன். கிட்னியப் பத்தி மட்டும் ஒரு வாரம் பேசியிருக்கேன். அவ ஊர்லேர்ந்து கொண்டாந்த கடுக்காய உள்ளங்கையில உருட்டிகினே கேப்பா. போதும்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

அவகிட்ட ஒரு கேள்வி கேட்டா பதில் அப்பவே வராது. மறுநாள் வரும். நேத்து "உங்க ஊர்ல கரடி இருக்குதா"ன்னு கேட்டிருப்பேன். இன்னிக்கு டப்பாவத் தொறக்கும்போது "இருக்குது. பலாப்பழ வாசனைக்கு வரும்"ம்பா. எனக்கு அது பழகிப் போச்சு. டீச்சருங்களுக்கு எங்க பழகுறது? எழுப்பி நிறுத்தி, "வாயில இன்னா கொழுக்கட்டையா"ன்னு கேட்டு, ஒக்காரச் சொல்லிடுவாங்க. மறுநாள் அவ சரியான பதில வெச்சுகினு நிக்கும்போது அவங்க வேற பாடத்துக்குப் போயிருப்பாங்க.

காலாண்டுப் பரீட்சைக்கு அப்பால அவ டப்பாவத் தொறக்கறத நிறுத்திட்டா. ஹாஸ்டல்ல ஒரே ஹாலு, பாயோட பாய் ஒட்டிப் படுக்கணும், எவர்சில்வர் தட்டு விழுற சத்தம், எந்நேரமும் எரிச்சலாக் கத்துற ட்யூப்லைட்டு. தூங்கியே ரொம்ப நாளாச்சுன்னு அவ கண்ணப் பாத்தாலே தெரியும். கொஞ்ச நாள்ல முழுக்கை ஸ்வெட்டர் போட்டுகினு வர ஆரமிச்சா. கள்ளக்குறிச்சி வெயில்ல ஸ்வெட்டர். ஒரு நாள் கை கழுவும்போது ஸ்வெட்டர் மேல ஏறுச்சு. முழங்கைக்குக் கீழ பூரா பல்லு பதிஞ்ச தடம். அவளே கடிச்சுகினது.

"ஏன் சாப்பிட மாட்டேங்கற?"ன்னு கேட்டேன். அது திங்கக்கெழம.

செவ்வாக்கெழம செவுத்தப் பாத்துகினே சொன்னா. "சாப்பிட்டா நாளைக்கும் இருக்கணும். எனக்கு இருக்கப் புடிக்கல." அப்பால, "யார்கிட்டயும் சொல்லாத"ன்னா.

ஒருத்தர் சொல்லாதன்னு சொன்னா எனக்குச் சொல்ல வராது. அது என் கொணம். சொல்லாதன்னா சொல்லாததுதான், அதுல பாதி, கால்வாசி எல்லாம் எனக்குக் கெடையாது. ஆனா சிறப்பு டீச்சர் எங்க எல்லார்கிட்டயும் இன்னொண்ணு சொல்லி வெச்சிருந்தாங்க. "உன் சிநேகிதி எத மறைக்கச் சொன்னாலும் மறை. சாகணும்னு சொன்னா மட்டும் மறைக்காத. பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லிடு." ரெண்டு கட்டளை, ரெண்டும் நேருக்கு நேர் நிக்கிது. மத்த பொண்ணுங்க இதுக்கு இன்னா செய்வாங்களோ தெரியாது. நான் கணக்கு வாத்தியார் பேசப் பேச டெஸ்க்குல நெத்திய வெச்சுகினே யோசிச்சேன். அவ செத்துட்டா அவ சொன்ன கட்டளையக் காப்பாத்தி யாருக்கு இன்னா லாபம்? பெரியவங்க ஒருத்தர். ஒருத்தர்தான். அந்த வாரம்னு பாத்து சிறப்பு டீச்சர் டிரெயினிங்குன்னு வெளியூர் போயிருந்தாங்க. போனும் எடுக்கல.

எங்கம்மா நர்சு. டவுனுக்கு வெளிய ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை. ஆஸ்பத்திரி விஷயம் ஒண்ணுகூட வூட்டு வாசப்படி தாண்டி உள்ள வந்ததில்ல. எங்க தெருவுலயே யாருக்கு இன்னா வியாதின்னு அதுக்குத் தெரியும், அப்பாவுக்குக் கூடத் தெரியாது. அதனாலதான் அம்மாவத் தேர்ந்தெடுத்தேன். சாயங்காலம் கொத்தவரங்கா கிள்ளிகினு இருந்துச்சு. எதிர்ல ஒக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். கடிச்ச தடம், ஸ்வெட்டரு, அவ சொன்ன அந்த வார்த்தை.

"நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது"ன்னேன்.

"எத்தன பேரு விஷயம் என் வயித்துல கெடக்குது. ஒண்ணாச்சும் உங்கிட்ட சொல்லியிருக்கேனா?"ன்னுச்சு அம்மா. அதுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "நாளன்னிக்கு பெரியாஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வருவாரு. அவர்கிட்டப் பேசிகினு, வார்டனம்மாவப் பாத்து, பொண்ண எப்பிடிக் கூட்டிகினு போறதுன்னு பாக்கறேன். அது வரைக்கும் நீ அவள வுட்டு நகராத." மொறையா, நிதானமாப் பேசுச்சு. நெஞ்சுல இருந்த கல்ல யாரோ எடுத்து வெச்சாப்ல இருந்துச்சு எனக்கு.

புதன்கெழம அவ பக்கத்துலயே இருந்தேன். பாத்ரூமுக்குப் போனாலும் வெளிய நின்னேன். வியாழக்கெழம அம்மா டாக்டரப் பாத்துட்டு வந்துச்சு. "தள்ளிப் போடாதீங்க, சீக்கிரம் கூட்டியாங்கன்னாரு. நாளைக்கு சாயங்காலமே ஹாஸ்டலுக்கு வரேன்"னுச்சு. வெள்ளிக்கெழம சாயங்காலம் வரைக்கும் ஓட்டிட்டாப் போதும்னு நெனச்சுகினு பள்ளிக்கூடம் போனேன்.

மத்தியானம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒக்காந்திருந்தோம். எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி வந்தா. அவளும் எங்க சர்ச்சுதான், நல்ல பொண்ணு, யாரையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டா. கண்ணு ரொம்பத் தண்ணியோட வந்து, குனிஞ்சு, அவள அப்பிடியே கட்டிப் புடிச்சுகினா.

"எங்கம்மா உனக்காக உபவாசம் இருக்கறாங்கடி. அந்த மாதிரில்லாம் நெனைக்காத. நாங்கல்லாம் இருக்கறோம்ல."

பின்னாலயே இன்னும் நாலஞ்சு பேரு வந்துட்டாளுங்க. "இன்னாடி ஆச்சு, இன்னாடி"ன்னு கேட்டு, விஷயம் காதுல விழுந்ததும் ஒருத்தி தலையத் தடவுறா, ஒருத்தி கையப் புடிக்கிறா, ஒருத்தி "ஐயோ பாவம்"ங்கறா. எவளும் கிண்டல் பண்ணல. கிண்டல் பண்ணியிருந்தா எங்களுக்குப் பழக்கம், எழுந்து போயிருப்போம். இது அன்பு. அன்புன்னு சொல்லிகினு அவ மேல அத்தன கை. யாராவது தொட்டா அவளுக்குத் தோலு எரியும்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். "தொடாதீங்கடி"ன்னு கத்தினேன். என்னையும் ஒருத்தி கட்டிப் புடிச்சுகினா.

அந்தக் கூட்டத்துக்கு நடுவுல அவ என்னைப் பாத்தா. அதுவரைக்கும் அவ என் மூஞ்சிய நேராப் பாத்ததே இல்ல. அன்னிக்குத்தான் பாத்தா. எனக்கு மூஞ்சியப் படிக்க வராதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. அந்த மூஞ்சியப் படிச்சேன்.

அப்பால அவ கையக் கடிக்க ஆரமிச்சா, எல்லாருக்கும் முன்னாடி. ஸ்வெட்டர்ல ரத்தம் வந்துச்சு. பிள்ளைங்க அலறி, டீச்சருங்க ஓடி வந்து, ஹாஸ்டலுக்கு போன் போச்சு. அம்மா சொன்ன மாதிரியே சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போச்சு. அதுக்குள்ள வார்டனம்மா அவங்கப்பாவுக்குச் சொல்லிட்டாங்க. "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது சிஸ்டர்? ஏற்கெனவே எங்க சமையக்காரம்மா வந்து கேக்குது, இந்த ஹாஸ்டல்ல சாகப் போற பொண்ணு யாருன்னு"ன்னாங்க. டாக்டர் பேரையும் நேரத்தையும் அம்மா எழுதிக் குடுத்துச்சு. மறுநாள் காலையில அவங்கப்பா வந்து, அந்தக் காகிதத்தச் சட்டப் பையில வெச்சுகினு, ஒரு வார்த்தை பேசாம அவள மலைக்குக் கூட்டிகினு பூட்டாரு. நான் ஹாஸ்டல் கேட்டு வரைக்கும் ஓடினேன். அவ திரும்பல.

வூட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட, "சொல்லிட்ட"ன்னேன்.

"நான் யார்கிட்டடி சொன்னேன்?"

"அப்ப அந்தக் கிளாஸ் பொண்ணுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? அவங்கம்மா எதுக்கு உபவாசம் இருக்கறாங்க?"

அம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு. மொள்ள, "ஜெபத்துல வெச்சேன்"னுச்சு.

எங்க சர்ச்சுல புதன்கெழம சாயங்காலம் பொம்பளைங்க ஜெபக் கூட்டம் நடக்கும், வாரத்துக்கு ஒரு வூட்ல. பாட்டு முடிஞ்சதும் ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்லணும். மகனுக்கு வரன் அமையல, மருமகளுக்குக் கொழந்த இல்ல, வூட்டுக்காரரு குடிய வுடல, இப்பிடி. எல்லாரும் கண்ண மூடி அதுக்காக ஜெபிப்பாங்க. அன்னிக்கு எங்கம்மா சொன்ன குறிப்பு: "ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற ஒரு மலைப்பிள்ளை, ப்ளஸ் ஒன்னு, ஜீவனை வெறுத்துப் போய் இருக்குது. பேர் வேணாம். ஆண்டவருக்குத் தெரியும்." ஆண்டவருக்கு மட்டுமா தெரியும்? அந்த வருஷம் ப்ளஸ் ஒன்னுல மலையிலேர்ந்து வந்த ஹாஸ்டல் பொண்ணு அவ ஒருத்திதான். அது போதாதுன்னு, வராதவங்களும் ஜெபிக்கட்டும்னு பாஸ்டரம்மா சர்ச்சு வாட்ஸப் குரூப்ல வாய்ஸ் மெசேஜா வேற போட்டுட்டாங்க. உலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா?

"பேர் சொல்லலியே நானு"ன்னு அம்மா திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. "ஜெபத்துக்குத்தானே குடுத்தேன். ஊர் கதையாப் பேசினேன்?"

இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாத எடம். ஆஸ்பத்திரி ரகசியத்த உசுரே போனாலும் சொல்லாத பொம்பள அது. ஆனா ஜெபத்துல சொல்றது, சொல்றதே இல்லன்னு அதோட கணக்கு. சாமிகிட்டத்தானே பேசுறோம், நடுவுல ஒக்காந்திருக்கற இருபது பொம்பளைங்களுக்குக் காதே கெடையாதுன்னு நெனப்பு. "வாயத் தொறந்து சொன்னா சொன்னதுதான். கண்ண மூடிகினு சொன்னா மட்டும் சொல்லாததா ஆயிடுமா?"ன்னு கத்தினேன். பீரோவுல தலைய முட்டிகினேன். அம்மா கைய நடுவுல வெச்சு முட்டவுடாமப் பண்ணுச்சு. அதோட வெரல் நசுங்கினதக் கூட அப்ப நான் பாக்கல.

அதுக்கப்புறம் வந்த நாளுங்க மாதிரி எனக்கு வேற நாள் வந்ததில்ல. அவங்கப்பா நம்பருக்கு போட்டா போகாது, மலையில டவரு கெடையாது. காலையில எழுந்ததும் மொத நெனப்பு, இருக்கறாளா இல்லியா. பல்லு வெளக்கும்போது, இருக்கறாளா இல்லியா. கிளாஸ்ல அவ எடத்துல ஒரு புஸ்தகப் பைய வெச்சுட்டாளுங்க, வசதியா இருக்குதுன்னு. அத எடுத்து வெளிய வீசினேன், அதுக்கு மிஸ்ஸு என்னை வெளிய நிக்க வெச்சாங்க. அம்மாகிட்ட நான் பேசல. கட்டிலுக்கு அடியில தட்டு வரும், அப்பிடியே திரும்பிப் போவும்.

அம்மாவுக்கும் பயம். "நாம போயி நின்னா அவங்க இன்னும் கோவப்படுவாங்க"ன்னுச்சு மொதல்ல. ஒரு நாள் காலையில லீவு சொல்லிட்டு வந்து, "கெளம்பு"ன்னுச்சு.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, பஸ்ஸு மலையேற ஆரமிச்சுது. காதுல பஞ்ச அடைச்சுகினு, முன்சீட்டுக் கம்பியப் புடிச்சுகினு வந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் எதிர்ல யாராவது அழுதுகினு வராங்களான்னு பாத்தேன். பைத்தியக்காரத்தனந்தான். பக்கத்துல அம்மா கண்ண மூடி உதட்ட அசைச்சுகினு வந்துச்சு. "வாயத் தொறக்காத"ன்னேன். பெத்த தாய அப்பிடிச் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அம்மா உதட்ட மூடிக்கிச்சு. வெள்ளிமலையில எறங்கி, ஒரு ஷேர் ஜீப்புல கொஞ்ச தூரம், அப்பால நடை.

அவங்கப்பா வூட்டு முன்னாடி மரவள்ளிக் குச்சியக் கட்டுக் கட்டிகினு இருந்தாரு. எங்களப் பாத்ததும் ஒக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தாரு. அவ இருக்கறாளான்னு கேக்க எனக்கு வாயே வரல. அவரு கட்டறத நிறுத்தாம பேசினாரு. "எம் பொண்ணப் பத்தி கீழ ஊரெல்லாம் பேசுறாங்களாம். படிக்கட்டும்னுதான் அனுப்பினேன். இன்னைக்கு எங்க ஊர்லயும் கேக்கறாங்க, இன்னா குத்தம் பண்ணுச்சுன்னு." கயித்த இறுக்கி முடிச்சு போட்டாரு. "மொதல்ல இத வெளிய சொன்னது யாருங்க?"

அம்மா என்னைப் பாக்கல. அது பொய் சொன்னா நான் சொல்லிடுவேன்னு அதுக்குத் தெரியும். ஆனா அது வாயத் தொறந்தது அதுக்குப் பயந்து இல்ல.

"நான்தாங்க"ன்னுச்சு. "நல்லதுன்னு நெனச்சு எங்க சர்ச்சுல சொன்னேன். அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்க பொண்ணு ஒரு குத்தமும் பண்ணல. அதுக்கு ஒடம்பு முடியல, அவ்ளோதான். வைத்தியம் இருக்குது."

அவரு திட்டுவாரு, குச்சியத் தூக்குவாருன்னு நெனச்சேன். குச்சிக் கட்ட செவுத்தோரமா சாத்தி வெச்சாரு. "கஞ்சி மட்டும் குடிக்கிது. அவங்கம்மா அத வுட்டு நகர மாட்டேங்கறா"ன்னாரு. "உள்ளதான் இருக்குது."

இருக்கறா. நின்ன எடத்துலயே தரையில ஒக்காந்துட்டேன்.

உள்ள போகல நானு. கதவுக்கு வெளிய, செவுத்துல முதுகச் சாய்ச்சு, அவளுக்குக் கேக்கற மாதிரி ஒக்காந்தேன். "நான்தான் எங்கம்மாகிட்ட சொன்னேன். நீ செத்துடுவியோன்னு பயந்து சொன்னேன். எங்கம்மா ஜெபத்துல சொல்லிடுச்சு. கிளாஸ் பொண்ணுங்க வந்து கட்டிப் புடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது." அப்பால கேட்டேன். "டாக்டர்கிட்ட வரியா?"

உள்ளேர்ந்து ஒரு சத்தமும் இல்ல. அம்மா வந்து கேட்டுச்சு, சத்தம் இல்ல. அவங்கப்பா, "வராதுங்க, எங்ககிட்டயே பேசல"ன்னாரு. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அம்மா எழுந்துச்சு. மறுநாள் அதுக்கு டியூட்டி.

"பதில் நாளைக்குத்தான் வரும்"ன்னேன். "நான் வரமாட்டேன்."

"இன்னாடி பேசுற? ஊரு பேரு தெரியாத எடத்துல..."

"அவளுக்கு நேரம் வேணும். இப்பப் போனா, அவ பதில் சொல்லும்போது யாருமே இருக்க மாட்டோம்."

அம்மா என்னையும் பாத்துச்சு, கதவையும் பாத்துச்சு. முந்தானைய இடுப்புல சொருவிகினு அவங்கம்மாகிட்ட போயி, "ஒரு ராத்திரி இங்க படுத்துக்கலாங்களா"ன்னு கேட்டுச்சு. அவங்க எங்களுக்கு சாமையரிசிச் சோறு போட்டாங்க. எங்க மேல கோவமா இருக்கற வூட்ல, அவங்க கையால போட்ட சோத்த முழுங்கறது சாதாரண விஷயமில்ல.

விடிஞ்சு, அவங்கப்பா மாட்ட அவுத்துகினு இருக்கும்போது கதவு தொறந்துச்சு. அவ வாசல்ல நின்னா. இளைச்சுப் போயிருந்தா. எங்க யாரையும் பாக்காம, எதிர்ல இருந்த பலாமரத்தப் பாத்துச் சொன்னா.

"வரேன். உங்கம்மா எனக்காக ஜெபம் பண்ணக் கூடாது."

அம்மாவுக்கு அது அடி வாங்கின மாதிரி. நோயாளி ஒருத்தரு எதிர்ல இருக்கும்போது ஜெபம் பண்ணாதன்னா, மூச்சு வுடாதங்கற மாதிரி அதுக்கு. "மனசுல கூடவாம்மா?"ன்னு கெஞ்சுச்சு. அவ பலாமரத்தையே பாத்துகினு நின்னா. "சரிம்மா. பண்ணல"ன்னுச்சு.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில டாக்டர் ரூமுக்கு வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தோம். அம்மா கைய மடியில வெச்சுகினு, கண்ண மூடாம, எதிர் செவுத்தையே பாத்துகினு இருந்துச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பாமயே, "மனசுல பண்ணிக்கோங்க"ன்னா. அம்மா அப்பதான் அழுதுச்சு.

வைத்தியம் லேசா இல்ல. மாத்திரை, வாராவாரம் பேச்சு, மாத்திரை மாத்தி வேற மாத்திரை. பாதி நாள் தூங்கி விழுவா. சிறப்பு டீச்சர் திரும்பி வந்து ஹாஸ்டல்ல சண்டை போட்டு, ஸ்டோர் ரூம் பக்கத்துல ட்யூப்லைட்டு இல்லாத ஒரு மூலைய அவளுக்கு வாங்கிக் குடுத்தாங்க. கிளாஸ் பொண்ணுங்ககிட்ட போயி, "அவள யாரும் தொடாதீங்க, பாவம்னு சொல்லாதீங்க"ன்னு நான் சொன்னேன். சொன்னேன்னா, மெரட்டினேன்.

கிறிஸ்மஸ் முடிஞ்சு எங்க வூட்டு மொறை வந்துச்சு, ஜெபக் கூட்டத்துக்கு. ஜெபம் கேட்டு நல்லது நடந்தா எழுந்து சாட்சி சொல்லணும், அது எங்க வழக்கம். சொல்லாம வெச்சுகினா ஆண்டவருக்குச் செய்ய வேண்டியத மறைச்ச மாதிரி. பாட்டு முடிஞ்சதும் பாஸ்டரம்மா சிரிச்ச மொகத்தோட, "சிஸ்டர், அந்த மலைப்பிள்ளை பொழச்சு பள்ளிக்கூடம் வருதாமே. எழுந்து சாட்சி சொல்லுங்க"ன்னாங்க. எல்லாரும் அம்மாவையே பாக்கறாங்க. நான் சமையக்கட்டு வாசல்ல நின்னுகினு இருந்தேன். சொல்லிடுமோ? ரெண்டு நல்ல வார்த்தைதானேன்னு சொல்லிடுமோ?

அம்மா எழுந்துச்சு. "அது என்னுது இல்லீங்க, நான் சொல்றதுக்கு"ன்னுச்சு.

"ஆண்டவர் செஞ்ச நன்மைய மறைக்கலாமா சிஸ்டர்?"

"டீ ஆறிடும்"ன்னுட்டு அம்மா உள்ள வந்துடுச்சு. அதுக்கப்புறம் பாட்டு ஆரமிக்க அம்மாவக் கூப்புடறதில்ல. இருபது வருஷமாப் பழகினவங்க, வெசுவாசத்துல கொறஞ்சு பூட்டாங்கன்னு பேசிகினாங்க. கூட்டம் நடந்த அன்னிக்கு ராத்திரி நான் கட்டில்ல ஒக்காந்து, அம்மா பக்கத்துல சாப்பிட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருக்கும். ப்ளஸ் டூவுல, மாதிரித் தேர்வு சமயத்துல, அவ ஒரு வாரம் வரல. காய்ச்சல்னு நெனச்சேன். அப்பால சிறப்பு டீச்சர் வாய்லேர்ந்துதான் தெரிஞ்சுது. அவளுக்குத் திரும்ப அந்த நெனப்பு வந்திருக்கு. அவளே நடந்து போயி டீச்சர்கிட்ட சொல்லி, டாக்டரப் பாத்து, மாத்திரை மாத்தி வந்திருக்கா. எனக்குத் தெரியாது. தெனம் பக்கத்துல ஒக்காந்து சோறு திங்கற எனக்குத் தெரியாது.

அவ வந்ததும் கேட்டேன். "டீச்சர்கிட்ட சொல்ற. எங்கிட்ட ஏன் சொல்லல?"

மறுநாள் சொன்னா, "உங்கிட்ட இனிமே அத சொல்ல மாட்டேன்"னு. கோவமில்ல, அழுகையில்ல, பஸ்ஸு எத்தன மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னா. "நீ சொல்லிடுவ."

ஸ்டாண்டுல இருந்த ஒரு சைக்கிள எட்டி ஒதைச்சேன். வரிசையா எல்லாம் சாஞ்சுது. எனக்கு அந்த டீச்சர் மேல பொறாமை, அம்மா மேல பழைய கோவம், அவ மேல புதுக் கோவம். ஆனா அவ சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. சொல்லிடுவேன். நாளைக்கு அவ அதையே சொன்னாலும் ஓடிப்போயி யார்கிட்டயாவது சொல்லுவேன், கொஞ்சம் ஆளப் பாத்துச் சொல்லுவேன், அவ்ளோதான் வித்தியாசம். அவளுக்கும் அது தெரியும்.

இப்ப அவ சேலத்துல படிக்கிறா, நான் இங்கயே. ஞாயித்துக்கெழம போன் பண்ணுவா. மெஸ்ஸு சாப்பாட்டப் பத்திப் பேசுவோம், கிட்னியப் பத்தி இன்னமும் பேசுவேன். நல்லா இருக்கியான்னு கேட்டா "இருக்கேன்"ம்பா. அது நெசமா, எனக்காகச் சொல்றதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் முடியாது, அந்த எடத்த அவ எனக்கு மூடிட்டா. போன் வருதுல்ல, அது போதும்னு அம்மா சொல்லுது. போதாது. ஆனா ஞாயித்துக்கெழம போன் வருது.